வேலிக்குள் இருப்பது நம் பூங்கா
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் பி பிளாக் பின்னால் கம்பி வேலி போட்ட இடம் ஒன்று இருக்கிறதே, அது பில்டர் விற்காமல் வைத்திருக்கும் மனை என்று பலர் நினைக்கிறீர்கள். இல்லை. அது ஓ.எஸ்.ஆர். நிலம், திறந்தவெளிக்கென்று ஒதுக்கியது.

விதி இதுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதிலாகப் பணமும் கட்டலாம். பணம் கட்டினால் கணக்கு நேராகிவிடும்; ஆனால் அந்தத் தெருவுக்குப் பூங்கா வராது.

நமக்கு நிலமே கிடைத்திருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், பத்திரம் பதிவாகியிருக்கிறது. ஆனால் வேலியைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை.

சிங்கப்பூரில் 1990களில் தொடங்கி, வடிகால் ஓரங்களிலும் சாலை ஓரங்களிலும் நடைபாதை போட்டுப் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். இன்று அது 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நம் வேலிக்கு அந்தப் பக்கமும் மழைநீர்க் கால்வாய்தான் ஓடுகிறது.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்தது 2046 வரைக்கும். அப்போது எனக்கு எண்பது தாண்டியிருக்கும். நடக்கப்போவது உங்கள் பிள்ளைகள். இந்த இடத்தைப் பூங்காவாகவும், கால்வாய்க் கரையை நடைபாதையாகவும் திட்டத்தில் காட்டச் சொல்லி சி.எம்.டி.ஏ.வுக்கும் உள்ளாட்சிக்கும் மனு எழுதியிருக்கிறேன். அலுவலக அறையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து போடுங்கள்.