வேட்டைப் பருவத்துக்கு முன்



ஒரு கலையை மதிப்பிடப் புகுகிறவர்கள் அது அரங்கேறும் வேளையை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லிவிடுவது உலக வழக்கம். ஆயினும், சங்கீத வித்துவானின் கச்சேரிக்குப் பின்னால் எவரும் கேளாத விடியற்காலைச் சாதகம் இருப்பதுபோல, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் தேதி தொடங்கும் கிரவுஸ் வேட்டைக்குப் பின்னால், துப்பாக்கி ஏந்தி வருகிறவர்களிற் பலர் கண்டறியாத ஒரு நீண்ட கோடைக்கால உழைப்பு இருக்கிறது. பறவை வேட்டை நாயைப் பருவம் தொடங்குமுன் தேகத்தாலும் சுபாவத்தாலும் பக்குவப்படுத்தும் அந்த உழைப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கிரவுஸ் என்பது கௌதாரிக்கு உறவான, செம்பழுப்பு நிறமுள்ள பறவை. ஹெதர் என்னும் குட்டைப் புதர் அடர்ந்த மேட்டுவெளிகளில், அந்தப் புதரின் தளிரையே பிரதான ஆகாரமாகக் கொண்டு அது வாழ்கிறது. மண்ணின் நிறத்தோடு நிறமாய்ப் பதுங்கிவிடுவதால், காலடியில் இருந்தாலும் மனிதன் கண்ணுக்குப் படாது. அதைக் கண்டுகொடுப்பதற்காகவே பாயிண்டர், செட்டர் ஆகிய நாய் இனங்களைப் பல தலைமுறைகளாக வளர்த்து வந்திருக்கிறார்கள். இவை தரையை முகர்ந்து தடம்பற்றி ஓடுவதில்லை. தலையை நிமிர்த்தி, எதிர்க்காற்றை ஏற்று, வலமும் இடமுமாக மாறி மாறி ஓடி வெளி முழுவதையும் துழாவுகின்றன. காற்றில் மிதந்து வரும் வாசனை நாசியில் பட்ட கணமே, பறவை இருக்கும் திசையை நோக்கி அசைவற்று நின்றுவிடுகின்றன. துப்பாக்கி வழக்கத்துக்கு வருமுன், செட்டரின் முன்னோர்கள் பறவைக்கு எதிரே பதுங்கிப் படுத்துக்கொள்ள, வேட்டைக்காரர்கள் வலையை அவற்றின் மேலாகவே இழுத்துப் பறவைகளை மூடிப் பிடித்ததும் உண்டு.

இந்த நிற்றலே இக்கலையின் உயிர் என்பது என் துணிபு. இரையின்மேல் பாயுமுன் ஒரு கணம் தயங்குவது வேட்டையாடும் பிராணிகள் பலவற்றுக்கும் இயல்பு. அந்த ஒரு கணத்தை இனவிருத்தி நீட்டித்தது, பயிற்சியோ அதை மனிதன் வந்து சேரும்வரை நிலைக்கச் செய்கிறது. நாயின் ஆசையை அழித்துவிட்டு அடக்கத்தைக் கற்பிப்பது எளிது. ஆனால் ஆசையற்ற நாய் பறவையைத் தேடாது. ஆசை கொழுந்துவிட்டு எரிய, அடக்கமும் அதன் பக்கத்திலேயே நிற்கவேண்டும். நாய் பழக்குவதைப் பற்றி 1848-இல் நூல் எழுதிய ஹட்சின்சன் என்னும் ராணுவ அதிகாரி, சாட்டையையே ஆசானாக நம்பியிருந்த அக்காலத்தில், கைச்சைகையையும் பொறுமையையும் இதமான வெகுமதியையும் முன்வைத்தார். அவர் கட்சியே சரியென்று நான் கருதுகிறேன். ஏனெனில், அடிக்கு அஞ்சிய நாய் கடைசியில் பறவையையே அடிக்குக் காரணமாக எண்ணி, அதன் வாசனை வந்தாலும் அறியாததுபோல் ஒதுங்கிப் போய்விடும்.

பயிற்சிக்கு இயற்கையே ஒரு கால அட்டவணை வகுத்திருக்கிறது. மார்ச்சு மாதத்தில் பறவைகள் ஜோடி சேர்ந்திருக்கும். புதர் மறைவு குறைந்திருக்க, அவை நாய்க்கு அடங்கி உட்காரும். இளநாயை நீண்ட கயிற்றில் கட்டி நிற்கப் பழக்குவதற்கும், பறவை எழும்போதும் வெடிச்சத்தம் கேட்கும்போதும் இருந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளப் பழக்குவதற்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. வெடியைத் தொலைவில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே நெருங்கவேண்டும்; ஒருமுறை வெருண்ட நாயை மீட்பது மிகக் கடினம். மேய்ச்சல் ஆடுகளைத் திரும்பியும் பாராதிருக்கவும், ஓடும் முயலை விரட்டாதிருக்கவும், துணைநாய் நின்றுவிட்டால் தானும் அதன் பின்னே நின்று அதன் உரிமைக்கு மதிப்புத் தரவும் அது கற்கவேண்டும். அப்புறம் முட்டையிட்டு அடைகாக்கும் காலம் வந்துவிட்டால் மேட்டுவெளியை விட்டு விலகிவிடுவதே தர்மம்.

நாய்க்கூடத்தில் சும்மா கிடக்கும் அந்த இடைக்காலத்தில்தான் தேகம் கெடுகிறது. ஆகையால் பருவத்துக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பாகவே தேகாப்பியாசத்தைத் தொடங்கவேண்டும். சைக்கிளுக்குப் பக்கத்தில் நிதானமான ஓட்டமாக, முதலில் குறைந்த தூரம், வாரத்துக்கு வாரம் சற்றே கூடுதல் என்று கெட்டிச் சாலையில் ஓட்டிச் செல்வது பழைய முறை. அது தசையையும் மூச்சையும் வலுப்படுத்துவதோடு, உள்ளங்காலின் தோலையும் தடிக்கச் செய்கிறது. ஹெதரின் விறைத்த தண்டுகளும் கற்களும் மெல்லிய பாதத்தை ஒரே நாளில் புண்ணாக்கிவிடும். விலாவின்மேல் விரலை வைத்தால் எலும்பு எளிதில் தட்டுப்படவேண்டும்; தடவித் தேடவேண்டியிருந்தால் நாய் இன்னும் கொழுத்திருக்கிறது என்று பொருள். கொழுப்பும் மாமிசமும் நிறைந்த முக்கிய உணவை வேலை முடிந்து, உடல் ஆறிய பின் மாலையில் கொடுப்பதே நலம்; வயிறு நிறைந்த நாயை ஓடவிடுவது அபாயம்.

தேகப் பக்குவம் வாசனையறியும் ஆற்றலுக்கும் ஆதாரமாயிருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாய் திறந்து இளைத்தே அது உஷ்ணத்தைப் போக்கிக்கொள்ளவேண்டும். இளைக்கும் நாய் சரியாக முகர முடியாது. பழக்கமற்ற நாய் சற்று ஓடியதுமே இளைக்கத் தொடங்கி, பறவையைக் கடந்து போய்விடும். அதை அறியாத எஜமானன் அதன் மூக்கைக் குறைகூறுவான். அதனினும் கொடியது, ஆகஸ்டு மாதத்துக் காற்றற்ற பகலில் உடல் வெப்பம் 41 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பது. ஆதலால் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குவதும், தண்ணீரை உடன் கொண்டுபோவதும், குறுகிய நேரத்துக்கு ஒருமுறை நாய்களை மாற்றி ஓய்வு தருவதும் கட்டாயமான கடமைகள். கோடையெல்லாம் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, முதல் நாளன்று மேட்டுவெளியில் அவிழ்த்துவிடுகிறவன் எத்தனை உயர்ந்த வம்சத்து நாயை வைத்திருந்தாலும், அதற்கு உரியவன் அல்லன் என்றே சொல்வேன்.

கிரவுஸ் வேட்டையில் மிகுந்த புகழ் இன்று துப்பாக்கிக்காரருக்கே போகிறது. பல இடங்களில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பறவைகளைக் கிளப்பித் துப்பாக்கிகளின் பக்கம் ஓட்டும் முறை மேலோங்கியதால், நாயின் பின்னே நடந்து வேட்டையாடும் பழைய முறை அருகிவிட்டது. ஆயினும் 1865-இல் பெட்ஃபோர்டுஷையரிலுள்ள சவுத்ஹில்லில் முதன்முதலாக நடந்த, பறவை வேட்டை நாய்களுக்கான களப்போட்டியின் மரபு இன்னும் அறுபடவில்லை. ஜூலை மாதத்தில், குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின், மேட்டுவெளிகளில் பாயிண்டர்களும் செட்டர்களும் இரண்டிரண்டாக ஓடிக் காட்டுகின்றன. நடுவர்கள் தேடும் ஒழுங்கையும் நிற்கும் உறுதியையும் பறவை எழுந்தபின் காட்டும் அடக்கத்தையும் பார்த்து மதிப்பிடுகிறார்கள். வேட்டையில் விருப்பமில்லாத நேயர்களும் ஸ்காட்லாந்துக்கோ வட இங்கிலாந்துக்கோ செல்ல நேர்ந்தால் அந்தப் போட்டிகளை அவசியம் பார்க்கவேண்டும். அங்கே சுடுவது வெற்று வெடி. ஒரு பறவையும் கொல்லப்படுவதில்லை.