பார்வையால் வளர்க்கும் மீன்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



தாய்மை பற்றி நம் முன்னோர் வழங்கிய ஓர் உவமையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பறவை தொட்டணைத்துக் குஞ்சு பொரிக்கும்; மீன் பார்த்தே பொரிக்கும்; ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் சென்று, நினைந்தே பொரிக்கும். பரிச தீட்சை, நயன தீட்சை, மானச தீட்சை என்பவற்றை விளக்குவதற்குச் சைவ மரபு இவ்வுவமையைக் கையாளும். மீனாட்சி என்னும் திருப்பெயருக்கும் இவ்வாறு பொருள் கூறுவோர் உளர்.

பதுளையில் என் உயர்தர வகுப்பு மாணவருக்கு இதனை ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். ஒருநாள், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து, "சேர், மீன் உண்மையிலேயே குஞ்சைப் பார்க்குமா?" என்று கேட்டான்.

"அது கவிமரபு, தம்பி. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதோடு சரி, திரும்பியும் பாரா" என்றேன்.

என் விடை முழுமையானதன்று என உணர்த்தியது என் வீட்டு மீன்தொட்டி.

அத்தொட்டியில் கப்பி, மொலி, ஏஞ்சல் மீன்களோடு ஒரேஞ் குரோமைட் சோடியொன்றும் இருந்தது. சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தின் பெரும்பகுதி ஆபிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் வாழ்வது. அதில் மிகச் சிலவே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவை. அவற்றுள் ஒன்று இந்தச் சிறிய மஞ்சள் மீன். மலையாளிகள் கரிமீன் என்றும் சிங்கள மக்கள் கோரளியா என்றும் அழைக்கும் மீன் இதன் உறவு. நம் குளங்களில் பெருகியுள்ள திலாப்பியாவும் இக்குடும்பத்ததே. ஆயின் அது 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதன் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்தே காக்கும்.

ஒரு காலை, தொட்டிக் கல்லொன்றில் முட்டைகள் ஒட்டியிருக்கக் கண்டேன். தாயும் தந்தையும் மாறிமாறிச் செட்டையால் நீரை விசிறின. பழுதான முட்டைகளை வாயால் அகற்றின. சில நாட்களில் முட்டைகள் பொரித்தன. நீந்தத் தெரியாத அத்துளிகளை வாயில் கவ்விக் குழிக்குக் குழி மாற்றின. கிட்ட வந்த ஏஞ்சலைத் தம்மைவிடப் பெரிதென்றும் பாராமல் துரத்தின. குஞ்சுகளிடமிருந்து கண்ணெடுக்கவேயில்லை. பார்வைதான் அவற்றின் ஆயுதம் என்பதை நான் அறியாமற் போனேன்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய இரவு, வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தபோது பாதிக்கு மேல் இல்லை. இருளில் பெற்றோருக்குக் கண் தெரியவில்லை. மற்றவை புகுந்து தின்றுவிட்டன. ஒரு சிறு மின்குமிழை எரியவிட்டிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது.

பதறிப்போய், எஞ்சிய குஞ்சுகளை ஒரு கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றினேன். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் வடித்துக் கொடுத்தேன். உண்டது கொஞ்சம், நீரைக் கெடுத்தது அதிகம். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் குளிர் வேறு. நாளுக்கு நாள் குஞ்சுகள் குறைந்தன.

பாடம் கேட்க வீட்டுக்கு வந்த அதே மாணவன் போத்தலையும் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்தான். "சேர், குஞ்சுகளை ஏன் பிரிச்சீங்க? மத்த மீன்களைப் பிரிக்கலாமே" என்றான்.

இந்த எளிய வழி எனக்குத் தோன்றவில்லை. மற்ற மீன்களை வேறொரு தொட்டிக்கு மாற்றினோம். வடிகட்டியின் வாயில் குஞ்சுகள் இழுபடாதபடி கடற்பஞ்சுத் துண்டொன்றைப் பொருத்தினோம். நீரைச் சூடாக்கும் கருவி வைத்தோம். உப்பு நீரில் ஆர்ட்டீமியா முட்டைகளை ஒருநாள் ஊறவிட்டுப் பொரித்த நுண்ணிறால்களை ஊட்டினோம். பெற்றோர் குஞ்சுகளை மறுபடி ஏற்குமா என்று அஞ்சியபடியே அவற்றைத் தொட்டியில் விட்டோம். ஏற்றுக்கொண்டன.

பின்னர் ஒரு காட்சி கண்டோம். குஞ்சுகள் ஓடி ஓடித் தாய் தந்தையின் உடலை உரசிக் கொத்தின. அவை உண்பது பெற்றோரின் தோலில் ஊறும் வழுவழுப்பை. இம்மீன்களின் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து வார்ட், பார்லோ என்னும் இருவர் 1967இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குத் தன் மேனியையே உணவாக்கும் மீன்! நம் உவமை பார்வையோடு நின்றுவிட்டது. மீன் அதற்கு மேலும் செய்கிறது.

"நான் சொன்னது பிழை, தம்பி. மீன் பார்க்கத்தான் செய்கிறது" என்றேன்.

அவன் நெடுநேரம் தொட்டியையே பார்த்திருந்தான். அவனது தாய் குவைத்துக்கு வீட்டுப் பணிக்குச் சென்று ஆண்டுகள் ஆகின்றன. லயத்தில் பாட்டிதான் அவனை வளர்க்கிறார்.

"அம்மா வெள்ளிக்கிழமை கோல் எடுப்பாங்க சேர். சாப்பிட்டியான்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றவன், சற்றுப் பொறுத்து, "அப்ப ஆமையும் சரிதான் சேர்" என்றான்.

ஆமை முட்டையைப் பொரிக்க வைப்பது மணலின் சூடுதான் என்று அறிவியல் கூறும். அதை நான் அறிவேன். அன்று அவனிடம் சொல்லவில்லை.

நேயர்களே, ஊவாவின் மலைத் தோட்டங்களிலிருந்து கடல் கடந்து போன தாய்மார் பலர். அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் இவ்வுவமையைக் கற்பிக்கும்போது, "அது வெறும் கவிமரபு" என்று நான் சொல்வதில்லை. ஆமையிடம் வரும்போது சற்று நிறுத்தி, பின்வரிசை வரை ஒருமுறை பார்த்துவிட்டே மேலே செல்கிறேன்.