ஒரு வயிறா, இரண்டு வயிறா?



இன்று என் அத்தையின் கதையைச் சொல்கிறேன். அத்தையும் உங்களைப் போல இரவு வகுப்பில் படித்தவர்தான். ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டும் தெரியும்.

மாதாமாதம் அவர் போனுக்கு வங்கியில் இருந்து செய்தி வரும். அதில் 500 ரூபாய் என்று இருக்கும். பக்கத்தில் டி, இ, பி என்று தொடங்கும் ஒரு சொல் இருக்கும். "டெபாசிட்! பணம் ஏறுகிறது" என்று அத்தை சந்தோஷப்படுவார்.

ஆறு மாதம் கழித்துப் பாஸ் புத்தகத்தைப் பார்த்தோம். 3,000 ரூபாய் குறைந்திருந்தது! அந்தச் சொல் டெபாசிட் அல்ல, டெபிட். யாரோ நீட்டிய காப்பீட்டுப் படிவத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

டெபாசிட் என்றால் என்ன? போட்டு வைத்த பணம். வைப்புத் தொகை என்றும் சொல்லலாம். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணமும் டெபாசிட்தான். தேர்தலில் நிற்பவர்களும் டெபாசிட் கட்ட வேண்டும். மக்களவைத் தேர்தலுக்கு 25,000 ரூபாய். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி. தோற்றவர் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பாது. அதைத்தான் "டெபாசிட் போச்சு" என்கிறோம்.

டெபிட் என்றால் பற்று. கணக்கில் இருந்து எடுத்த பணம். மளிகைக் கடை நோட்டில் பற்று, வரவு என்று எழுதுவார்களே, அந்தப் பற்றுதான். டெபிட் கார்டைத் தேய்த்தால் நம் கணக்கில் பணம் குறையும்.

டெட் என்றால் கடன், பாக்கி. எழுதும்போது இதிலும் ஒரு 'பி' உண்டு. ஆனால் வாயில் வராது. டெபிட்டும் டெட்டும் லத்தீன் மொழியில் ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கைகள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில், டெபிட்டில் வரும் 'பி'க்கு இரண்டு வயிறு. டெபாசிட்டில் வரும் 'பி'க்கு ஒரே வயிறு, அதுவும் மேலே. சின்ன எழுத்தில், டெபிட்டுக்குக் கம்பு மேலே நீளும். டெபாசிட்டுக்குக் கீழே இறங்கும்.

அத்தை தன் கையாலேயே மனு எழுதி வங்கியில் கொடுத்தார். பிடித்தம் நின்றது. போன பணம் வரவில்லை. ஆனால் இன்று எந்தப் படிவத்தையும் படிக்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை.

நாளை எல்லோரும் பாஸ் புத்தகத்தோடு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.