பொதுநிலத்தின் வாயிலைப் பூட்டலாமா?

(பொதுநிலமும் மக்கள் உரிமையும் என்ற பொருளில் நிகழ்த்திய உரை)



ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே யூட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அம்மாநிலத்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 60 வீதத்துக்கு மேற்பட்ட பகுதி எந்தத் தனி மனிதனுக்கும் சொந்தமானதன்று. அம்மாநில அரசுக்கும் சொந்தமானதன்று. வாஷிங்டனிலுள்ள சமஷ்டி அரசு, நாட்டு மக்கள் அனைவரின் பேராலும் அதனை வைத்துப் பரிபாலித்து வருகிறது. நிலப் பரிபாலனப் பணியகம் என்னும் ஓர் இலாகாவின் கையில் மாத்திரம் அங்கே ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது.

அந்த நிலத்திலே ஜீப் வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்று உலாவி வரும் உரிமை மக்களுக்கு நிலைக்க வேண்டுமா, அன்றி நிலத்தை வனாந்தரம் என்று பிரகடனஞ் செய்து வண்டிகளுக்கு என்றென்றைக்கும் அடைத்துவிட வேண்டுமா என்பது, அறுபது ஆண்டுகளாக அங்கே நடந்துவரும் வழக்கு. இவ்வழக்கிலே நாம் பாதையின் பக்கம் நிற்கிறோம். அதற்குரிய நியாயங்களை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

வனாந்தரம் என்றதும் மரம் அடர்ந்த காட்டை எண்ணிவிடலாகாது. செம்பாறைக் குன்றுகளும், ஆறுகள் அறுத்த ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும், நீரற்ற மணல்வெளிகளும் நிறைந்த பாலை அது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. அதனைக் காக்க வேண்டாம் என்று சொல்லவும் நாம் வந்தோம் அல்லோம். காப்பது வேறு, பூட்டுவது வேறு என்பதையே சொல்ல வந்தோம்.

சட்டம் சொல்வது என்ன?

1964ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வனாந்தரச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தை வரைந்த ஹோவார்ட் ஸானைசர், அது நிறைவேறுவதைக் காணாமலே அவ்வாண்டு மே மாதத்தில் உயிர் துறந்தார். மனிதன் வந்து செல்லும் விருந்தினனாகவன்றித் தங்கி ஆள்பவனாக இராத நிலம் சில இடங்களிலாவது நிலைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. உயர்ந்த கனவு அது. அன்று 54 இடங்களில் 91 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டது. இன்று 800க்கு மேற்பட்ட இடங்களில் 11 கோடி ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் முழு நிலப்பரப்பில் இது ஏறத்தாழ நூற்றுக்கு 5 வீதம். அதிற் பாதிக்கு மேற்பட்டது அலாஸ்காவில் உள்ளது.

இச்சட்டத்தின்படி, வனாந்தரம் என்று வகுக்கப்பட்ட எல்லைக்குள் மோட்டார் வண்டி செல்லலாகாது, மோட்டார்ப் படகு ஓடலாகாது, விமானம் இறங்கலாகாது, யந்திரத்தால் இயங்கும் வேறெந்த வாகனமும் புகலாகாது. மிதிசைக்கிளுக்குங்கூட அங்கே இடமில்லை. பரிபாலனத்துக்கும் ஆபத்து வேளைக்கும் சில விலக்குகள் உண்டு. நடக்கவியலாதோர் தம் சக்கர நாற்காலியுடன் செல்லலாம் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாக்கியது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால், இருபது மைல் கற்பாறையையும் மணலையும் சக்கர நாற்காலியில் எவர் கடப்பார்? ஏட்டிலே உள்ள அவ்வுரிமை அந்நிலத்திலே எவருக்குப் பயன்படும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். வனாந்தரம் என்று பிரகடனஞ் செய்ய வல்லது காங்கிரஸ் மாத்திரமே. அதனை நீக்க வல்லதும் காங்கிரஸ் மாத்திரமே. ஓர் அதிகாரி தவறாக ஒரு பாதையை மூடினால் அவரிடம் முறையிடலாம். அவர் பின் வருபவரிடம் மீண்டும் முறையிடலாம். வனாந்தர எல்லையைக் கீறிய பின்போ, ஒரு சிற்றூர்வாசி தன் பழம்பாதையை மீட்பதற்கு நாடு முழுவதற்கும் உரிய சட்டசபையையே அசைத்தாக வேண்டும். அசைக்க அரிதான சட்டத்தை இயற்றுவோர், இயற்றுமுன் இருமடங்கு கவனம் எடுக்க வேண்டாமா?

பாதை எப்படி வந்தது?

அங்கே பாதைகள் நேற்று முளைத்தவை அல்ல. 1866ஆம் ஆண்டிலே காங்கிரஸ் இயற்றிய சுரங்கச் சட்டம், ஒதுக்கப்படாத பொதுநிலத்தினூடே தெரு அமைக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. சுரங்கந் தோண்டுவோரும் மந்தை மேய்ப்போரும் குடியேறியோரும் அவ்வுரிமையின்படி பாதைகளை வகுத்தனர். பின்னர் 1950ஆம் ஆண்டுகளில் அணுச்சக்திக்காக யுரேனியந் தேடும் வேட்கை எழுந்தபோது, மோவாப் என்னும் ஊரைச் சுற்றியும் சான் ரஃபேல் மேட்டுநிலத்திலும் மேலும் பல பாதைகள் வெட்டப்பட்டன. அரசே அந்தத் தேடலைத் தூண்டியது, ஊக்கமும் கொடுத்தது.

1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் தேதி இயற்றப்பட்ட பொதுநிலச் சட்டம் 1866ஆம் ஆண்டின் வழங்கலை நீக்கியது. எனினும், அதுவரை உண்டான உரிமைகள் செல்லும் என்று வாக்களித்தது. அந்த வாக்கை நம்பியே யூட்டா மாநிலமும் அதன் மாவட்டங்களும் 2012ஆம் ஆண்டில் 12,000க்கு மேற்பட்ட பாதைகளுக்காக நீதிமன்றம் ஏறின. அவற்றின் நீளம் ஏறத்தாழ 35,000 மைல்.

ஒவ்வொரு பாதையையும் எவ்வாறு நிரூபிப்பது? 1976ஆம் ஆண்டுக்கு முன்னர் பத்தாண்டு காலம் பொதுமக்கள் அப்பாதையை இடைவிடாது பயன்படுத்தி வந்தனர் என்று காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி யார்? அன்று அந்தப் பாதையிலே வண்டி ஓட்டியவர்கள். அவர்களுக்கு இன்று எத்தனை வயதிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1966ஆம் ஆண்டிலே இருபது வயதினராக இருந்தவர் இன்று எண்பதை எட்டியவர். வழக்குத் தீருமுன் சாட்சி மறைந்துவிடும் என்று அஞ்சி, முதியோரின் வாக்குமூலங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. பாதை அங்கேயே கிடக்கிறது. அதிற் சென்றவர்கள்தாம் ஒருவர் பின் ஒருவராகக் கண்மூடுகின்றனர். இத்தகைய வேளையில் அப்பாதையின் மேலேயே வனாந்தர எல்லையைக் கீறிவிட்டு, இங்கே பாதை இருந்ததில்லை என்று சொல்வது நீதியாகுமா?

யாருக்கு இழப்பு?

கால்நடையாகப் போங்களேன், யார் தடுத்தார் என்று கேட்கின்றனர். கேள்வி எளிது. கோடை வெயில் கொளுத்தும் பாலையிலே, குடிக்கும் நீரையும் தோளிற் சுமந்து, நாட்கணக்காக நடக்கவல்ல இளைஞனுக்கு அது விடையாகலாம். வாழ்நாளெல்லாம் அந்நிலத்தின் அருகே வாழ்ந்து, முழங்கால் தேய்ந்து போன முதியவருக்கு அது விடையாகுமா? கைக்குழந்தையுடைய தாய்க்கு ஆகுமா? போரிற் காலிழந்து வந்த வீரனுக்கு ஆகுமா? வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் ஓய்வுள்ள தொழிலாளிக்கு ஆகுமா? உடல்வலிமையும் ஓய்வும் உள்ளவர்கள் மாத்திரம் உட்புகக்கூடிய நிலத்தை எல்லாருக்கும் பொது என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

ஊர்களின் வாழ்வையும் நினைக்க வேண்டும். மோவாப் ஊரின் யுரேனிய ஆலை 1984ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆலையை நம்பியிருந்த ஊர் தளர்ந்தது. அவ்வூரை மீண்டும் எழுப்பியவற்றுள் உல்லாசப் பயணமும் ஒன்று. 1967ஆம் ஆண்டு முதல் ஈஸ்டர் காலத்தில் அங்கே ஜீப் யாத்திரை நடந்து வருகிறது. சுரங்கத்துக்காக வெட்டிய பழம்பாதைகள் பல விடுதிக்காரனுக்கும் வண்டி திருத்துவோனுக்கும் உணவுக்கடைக்காரனுக்கும் சோறு போடும் பாதைகளாயின.

நம் பக்கத்துக் குறை

மறுபக்கத்தார் சொல்லும் குறைகள் யாவும் பொய் என்று நாம் வாதிக்க மாட்டோம். அந்தப் பாலை மண்ணின் மேலே நுண்ணுயிர்கள் கூடிப் பின்னிய கருநிற ஓடு ஒன்று படர்ந்திருக்கிறது. மண்ணைக் காற்று அள்ளாமலும் நீர் அரிக்காமலும் காப்பது அதுவே. பாதையை விட்டு விலகி ஒரு வண்டி அதன்மேல் ஒருமுறை ஓடினால், அவ்வடு ஆற எத்தனையோ பத்தாண்டுகள் வேண்டும். ஆதிக்குடிகள் வாழ்ந்த மனைகளும் புதைகுழிகளும் அங்கே உள்ளன. யூட்டாவின் ரிகாப்சர் பள்ளத்தாக்கிலே அத்தகைய சின்னங்கள் சேதமடைந்தமையால், 2007ஆம் ஆண்டில் அங்கே வண்டிகள் தடை செய்யப்பட்டன. 2014ஆம் ஆண்டில் அத்தடையை மீறிச் சிலர் ஊர்வலமாக வண்டி ஓட்டினர். அதனை முன்னின்று நடத்திய மாவட்டப் பிரதிநிதி சிறை சென்றார். அச்செயலை நாம் ஆதரிக்கவில்லை. முன்னோரின் எலும்பின் மேல் வண்டி ஓட்டிப் பெறும் உரிமை உரிமையாகாது; நம் வழக்கையும் அது கெடுத்தது.

ஆனால், இக்குறைகளைத் தீர்க்கச் சட்டம் இல்லாமலில்லை. ஜனாதிபதி நிக்ஸன் 1972ஆம் ஆண்டிலே பிறப்பித்த கட்டளை, எந்த இடத்தில் வண்டி செல்லலாம், எந்த இடத்திற் செல்லலாகாது என்று வகுக்குமாறும், மண்ணுக்கும் விலங்குக்கும் நேருஞ் சேதத்தைக் குறைக்குமாறும் இலாகாக்களைப் பணித்தது. சேதம் நேருமாயின் உடனே மூடிவிடும் அதிகாரத்தை ஜனாதிபதி கார்ட்டர் 1977இல் வலுப்படுத்தினார். தவறு செய்தவனைத் தண்டிக்கவும் பழுதுபட்ட பாதையை மூடவும் வழி இருக்கும்போது, நிலம் முழுவதையும் எல்லாருக்கும் அடைப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும்.

நடுவழி உண்டா?

உண்டு. வனாந்தரச் சட்டம் பிறந்து ஒன்பது நாட்களில், 1964ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் தேதி, மோவாப் ஊரின் அருகே கான்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா உருவாயிற்று. அதற்குள்ளே வைட் ரிம் பாதை என்று ஏறத்தாழ 100 மைல் நீளமான வழியொன்று ஓடுகிறது. யுரேனியத்துக்காக வெட்டப்பட்ட வழி. யுரேனியமோ சொற்பமே கிடைத்தது. பூங்கா அமைத்தோர் அவ்வழியை அழிக்கவில்லை. அனுமதிச் சீட்டு வேண்டும் என்றனர்; பாதையை விட்டு விலகலாகாது என்றனர்; ஒரு நாட் பயணத்துக்கு 50 மோட்டார் வண்டிகள், 50 சைக்கிள்கள் என்று அளவு வைத்தனர். இன்றும் மக்கள் செல்கின்றனர்; பள்ளத்தாக்கும் கெடவில்லை.

2019ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் தேதி சட்டமான டிங்கெல் சட்டமும் ஒரு பாடம். அது யூட்டாவின் எமெரி மாவட்டத்தில் ஏறத்தாழ 6,63,000 ஏக்கரை வனாந்தரமாக்கியது. அதே வேளையில் சான் ரஃபேலில் ஏறத்தாழ 2,17,000 ஏக்கரை உல்லாசப் பிரதேசமாக வகுத்து, குறிக்கப்பட்ட பாதைகளில் வண்டிகள் செல்ல இடம் விட்டது. செனட் சபையில் 92க்கு 8 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. எல்லாரும் எல்லாம் பெறவில்லை. ஆயினும், ஊராரும் உடனிருந்து பேசிய பின்னரே கோடு கீறப்பட்டது.

2023ஆம் ஆண்டில் நிலப் பரிபாலனப் பணியகம் மோவாப் அருகே லாபிரிந்த் பள்ளத்தாக்கைச் சார்ந்த பகுதியில் 317 மைல் பாதையை மூடத் தீர்மானித்தபோது, வண்டிப் பாவனையாளரின் சங்கங்கள் எதிர்த்து வழக்காடின. அந்த 317 மைலையும் மூடியது சரியென்று நாம் ஏற்கவில்லை. எனினும், பாதை பாதையாக ஆராய்வதும், தவறு கண்டால் எதிர்த்து வழக்காட இடமிருப்பதுமாகிய அந்த முறையையே நாம் விரும்புகிறோம். ஏனெனில், அங்கே நிகழ்ந்த தவறு திருத்தப்படக் கூடியது.

நாம் கேட்பவை

ஒன்று: வனாந்தர எல்லை வகுக்கும்போது, அதற்கு முந்திய பாதைகளை விலக்கி வகுக்க வேண்டும். செர்ரிப்பழத்தின் காம்பு போலப் பாதையை மாத்திரம் வெளியே விட்டு எல்லை கீறும் வழக்கம் அங்கே முன்னரே உண்டு. அதனை விதியாக்குக.

இரண்டு: மூட வேண்டிய பாதையை, அப்பாதையில் நேர்ந்த சேதத்தைக் காட்டி மூடுக, வரைபடத்தைக் காட்டி மூடற்க.

மூன்று: வனாந்தரமா அன்றா என்று ஆராய்வதற்காக ஒதுக்கிய நிலங்களுக்கு ஒரு முடிவு சொல்லுக. 1976ஆம் ஆண்டின் சட்டம் ஆராய்ச்சிக்குக் கொடுத்த தவணை 15 ஆண்டு. அத்தவணை கடந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும், பல இலட்சம் ஏக்கர் நிலம் முடிவின்றிக் கிடக்கிறது.

நான்கு: வண்டி ஓட்டுவோர் தம்மைத் தாமே கட்டுப்படுத்துக. குறித்த பாதையை விட்டு விலகுபவனை முதலிற் கண்டிக்க வேண்டியவர்கள் நாமே. நம்மில் ஒருவன் புதிதாகக் கீறும் ஒவ்வொரு தடமும், பழம்பாதை ஒன்றை மூடுவதற்கு எதிர்த்தரப்பார் கையிற் கொடுக்கும் சான்றாகும்.

அன்பர்களே! அந்த முதிய சாட்சிகளை மீண்டும் நினைவுகூருங்கள். தந்தையின் பக்கத்தில் அமர்ந்து சிறுவயதிற் சென்ற வழியை, நீதிமன்றத்திலே நடுங்குங் குரலில் அவர்கள் வளைவு வளைவாகச் சொல்லி வருகின்றனர். அவர்கள் பொன்னையோ யுரேனியத்தையோ கேட்கவில்லை. அந்நிலத்தைக் கெடுக்கவும் கேட்கவில்லை. கால் தளர்ந்த பின்பும் ஒருமுறை அங்கே போய் வரவும், பேரப்பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்டவுமே கேட்கின்றனர். அவர்களுக்கு வழி விட்டே அந்நிலத்தைக் காக்க முடியும் என்பது நமது துணிபு.