இரு தேசங்களின் குப்பைக் கணக்கு

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

குப்பையைப் பற்றிப் பேச ஒரு மேடையும் வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். அவ்வாறு நகைப்பவர்களும் தத்தம் வீட்டுவாயிலில் ஒரு கூடை குப்பையை வைத்துவிட்டே இங்கு எழுந்தருளியிருக்கின்றார்கள். அக்கூடை போய்ச் சேரும் இடத்திற்கும் பூமியின் உஷ்ணம் ஏறுவதற்கும் சம்பந்தம் உண்டு. அதனை அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஜெர்மனி என்னும் இரு தேசங்களின் கணக்கைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

2022-ஆம் வருஷத்தில் குப்பையினின்றும் கழிவுநீரினின்றும் அமெரிக்காவில் எழுந்த வாயுக்களைக் கரியமில வாயுவின் அளவாக மாற்றிக் கணக்கிட்டால், சுமார் 16½ கோடி டன் ஆகின்றது. ஜனத்தொகை சுமார் 33 கோடி. தலைக்கு ஏறக்குறைய 500 கிலோ. ஜெர்மனியிலோ சுமார் 8.4 கோடி ஜனங்களுக்கு 60 லட்சம் டன்னுக்கும் குறைவு. தலைக்கு 70 கிலோ அளவே. ஏழு மடங்கு வித்தியாசம்!

அமெரிக்கர் ஏழு மடங்கு குப்பை போடுகின்றனரோ எனில், இல்லை. 2018-இல் அங்கே ஒருவர் நாளொன்றுக்குப் போட்டது 4.9 பவுண்டு, அதாவது 2.2 கிலோ. ஜெர்மானியர் போடுவதும் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உண்டு. ஆகவே வித்தியாசம் குப்பையின் அளவில் அன்று. அதைச் சேர்க்கும் இடத்திலேயே இருக்கின்றது.

உணவுக் கழிவை மண்ணுள் புதைத்து மேலே மேலே மூடினால், காற்றுப் புகாத அவ்விடத்தில் நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நம் கிராமங்களில் சாண எரிவாயுக் கலத்திலிருந்து அடுப்பெரிப்பதும் இவ்வாயுவே. அடுப்பில் எரிந்தால் உபகாரம். எரியாமல் ஆகாயம் சென்றால், நூறு வருஷ அளவில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கின்றது. அமெரிக்காவில் 2018-இல் நகரக் குப்பையில் பாதி புதைக்கப்பட்டது. அவ்வாறு புதைந்ததில் நான்கில் ஒரு பங்கு உணவு. குழாய் பதித்து வாயுவை எடுத்து மின்சாரம் செய்கின்றார்களே என்னலாம். மெய்தான். ஆனால் குழாய் பதிப்பதற்கு முன்பே உணவு அழுகிவிடுகின்றது. புதைத்த உணவினின்று எழும் மீத்தேனில் 100-க்கு 61 பங்கு பிடிபடாமற் போகின்றதென அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவே 2023-இல் மதிப்பிட்டது.

ஜெர்மனியும் முன்னாளில் இவ்வாறே செய்தது. 1990-இல் அதன் கணக்கு சுமார் 4 கோடி டன். 1993-இல் விதி வகுத்து, ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் தவணை கொடுத்து, 2005 ஜூன் முதல் பக்குவப்படுத்தாத வீட்டுக் குப்பையைப் புதைக்கலாகாதென நிறுத்திவிட்டது. 2015 முதல் உணவுக் கழிவைத் தனியே சேகரிப்பதும் கடமையாயிற்று. பழைய மேடுகள் இன்னும் வாயு கக்கிக்கொண்டிருப்பினும், வருஷந்தோறும் அது தணிந்து வருகின்றது.

ஆயினும் ஜெர்மனிக்கு மாலை சூட்டுமுன் ஒன்று சொல்லவேண்டும். புதைக்காத குப்பையில் ஒரு பகுதியை அவர்கள் எரித்து மின்சாரமும் வெப்பமும் பெறுகின்றனர். அப்போது பிளாஸ்டிக் எரிந்து எழும் கரியமில வாயு, குப்பைக் கணக்கில் ஏறாமல் எரிசக்திக் கணக்கில் ஏறுகின்றது. ஒரு பேரேட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எழுதினால் செலவு மறையாது என்பதை வியாபாரிகள் நிறைந்த இச்சபைக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. இரு நாட்டிலும் அதனைச் சேர்த்தெண்ணின் ஏழு மடங்கு என்பது வெகுவாகச் சுருங்கும். எனினும் அமெரிக்காவின் பங்கே மிகுந்து நிற்கும்.

அமெரிக்காவிலும் விழிப்பு இல்லாமலில்லை. அங்கே தேசம் முழுமைக்கும் ஒரே தடை இல்லை, மாகாணங்களே முன்வந்திருக்கின்றன. வெர்மான்ட் மாகாணம் 2020 ஜூலை முதல் வீட்டு உணவுக் கழிவையும் குப்பையோடு சேர்க்கலாகாதென விதித்தது. கலிபோர்னியா 2016-இல் சட்டமியற்றி, 2022 முதல் மக்கும் கழிவைப் பிரித்தெடுக்கச் செய்தது. மீத்தேன் ஆகாயத்தில் தங்குவது சுமார் பன்னிரண்டு வருஷமே. ஆதலால் இன்று பள்ளியிற் சேரும் குழந்தை படிப்பை முடிக்குமுன்னரே, இன்று புதைக்காது விட்ட உணவின் பலனை ஆகாயத்தில் அளந்து காணலாம்.