குழந்தைகளும் பழப் பனிக்கூழும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளோடு சேர்ந்து வீட்டிலே பழப் பனிக்கூழ் செய்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். உரமும் விதையும், கடனும் வாய்க்காலும் பேசப்படும் மன்றத்தில் இது விளையாட்டுப் பொருளாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். பழம் உழவர் விளைவிப்பது; நீர் ஊராட்சி வழங்குவது; குழந்தைகளோ நம் எல்லோருக்கும் உரியவர்கள். இம்மூன்றும் ஒரு பாத்திரத்தின் முன் கூடுகின்ற காரியம் சிறு காரியமாகாது.

பழப் பனிக்கூழ் என்பது பாலோ பாலேடோ சேராதது. பழச்சாறு, சர்க்கரை, நீர் ஆகிய மூன்றையும் கலந்து, கிளறிக் கொண்டே உறைய வைத்தால் கிடைப்பது அது. நாம் அருந்தும் சர்பத்தும் மேனாட்டார் 'சார்பெட்' எனக் கூறும் இப்பண்டமும் பெயரால் உறவினர்; இரண்டும் அரபு மொழிச் சொல்லொன்றிலிருந்து பிறந்தவை. ஆகவே இதனை அந்நியப் பண்டம் என்று ஒதுக்க வேண்டுவதில்லை. நன்னாரி சர்பத் அருந்தும் நமக்கு இஃது உறைந்த சர்பத், அவ்வளவே.

பனிக்கட்டி ஒரு காலத்தில் செல்வர்களுக்கே கிடைத்த அரிய பொருள். அக்பர் அவையில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்த செய்தியை அபுல் பசல் எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டின் ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை, டியூடர் என்னும் வணிகர் மரத்தூளிற் பொதிந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அதனைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அவ்வளவு தொலைவு கடந்து வந்த பொருள் இன்று அருகிலுள்ள எந்தச் சிறு நகரத்திலும் கிடைக்கிறது. எளிதிற் கிடைப்பதனாலேயே அதைப் பற்றி நாம் எச்சரிக்கையோடிருக்க வேண்டியவர்களாகிறோம்.

தோப்பில் பழம், தெருவில் சாயம்

கோடை விடுமுறையில் நம் ஊர்த் தெருக்களில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். மணியோசை கேட்டதும் குழந்தைகள் ஓடுகிறார்கள். சிவப்பும் பச்சையுமான குச்சி ஐஸை வாங்கிச் சுவைக்கிறார்கள். அவற்றுட் பலவற்றில் பழம் என்பதே இல்லை. நீரும் சர்க்கரையும் சாயமும் வாசனையுமே உண்டு. அந்நீர் எந்தக் கிணற்றிலிருந்து, எத்தகைய பாத்திரத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்பாரில்லை.

அதே வேளையில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதித் தோப்புகளைப் பாருங்கள். கோடைக்காற்றில் உதிர்ந்த மாங்காய்கள் மரத்தடியிலே கிடந்து மண்ணாகின்றன. விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலை வீழ்கிறது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரா மாம்பழத்தின் விலை வீழ்ந்து உழவர்கள் பட்ட துயரம் அண்மைக் காலத்தது. பனிக்கூழ் செய்வதால் அவ்விலை ஏறிவிடும் என்று நான் கூறவரவில்லை. அதற்குச் சந்தையும், கூழாலைகளும், அரசும் செய்ய வேண்டிய பணிகள் வேறு. பழம் விளையும் ஊரிலேயே பழமில்லாத சாயநீரைக் குழந்தைகள் காசு கொடுத்து வாங்கி உண்பது முறையா என்பதே என் கேள்வி. மாம்பழத்தில் கண்ணுக்கு நலந்தரும் 'ஏ' ஜீவசத்தாக உடலில் மாறும் பொருளுண்டு. கொய்யாவில் 'சி' ஜீவசத்து மிகுதி. இச்சத்துக்களைச் சாயநீர் தருமா?

செய்யும் முறை

ஏறத்தாழ 25 குழந்தைகளுக்குப் போதுமான அளவைக் கூறுகிறேன். தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழச் சதை 1 கிலோ, சர்க்கரை 250 கிராம், கொதிக்க வைத்து ஆற்றிய நீர் 250 மில்லி லிட்டர், எலுமிச்சம்பழம் 2, உப்பு ஒரு சிட்டிகை. இவை உள்ளே செல்வன. வெளியே வைத்துக் குளிர்விப்பதற்கு 6 கிலோ பனிக்கட்டியும் 2 கிலோ கல்லுப்பும் வேண்டும்.

மரத்தில் முற்றி, வைக்கோலிற் பழுத்த பழமே ஏற்றது. கார்பைடு கல் வைத்துப் பழங்களைப் பழுக்கச் செய்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அத்தகைய பழம் வேண்டா. அடிபட்ட பழமாயின் கன்றிய பகுதியை வெட்டி நீக்கலாம். அழுகிய பழத்தை எறிந்துவிடுக. பழத்தை நன்றாகக் கழுவிய பின்னரே அறுத்தல் வேண்டும். சதையை மசித்து, நாரிருப்பின் வடிகட்டுக. சர்க்கரையை நீரிற் கரைத்து, எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் சேர்த்துச் சதையோடு கலக்குக. சதையைக் கொதிக்க வைக்க வேண்டுவதில்லை. கொதிக்க வைத்தால் மணமும் குறையும், 'சி' ஜீவசத்தும் குறையும்.

மாம்பழம் இல்லாத ஊரார் வருந்த வேண்டா. கம்பம் பள்ளத்தாக்கிலே பன்னீர்த் திராட்சை உண்டு. பழனியை அடுத்த ஆயக்குடியிலே கொய்யா உண்டு. பல மாவட்டங்களில் தர்ப்பூசணி உண்டு. திராட்சை இனிப்பு மிக்கது. ஆதலால் 1 கிலோ சாற்றுக்கு 150 கிராம் சர்க்கரை போதும். கொய்யாச் சதை 1 கிலோவுக்கு 300 கிராம் சர்க்கரையும் 200 மில்லி லிட்டர் நீரும் சேர்க்க. தர்ப்பூசணிச் சாற்றுக்கு நீரே வேண்டா. 1 கிலோவுக்கு 250 கிராம் சர்க்கரை மட்டும் போதும்.

இக்கலவையை மூடியுள்ள எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் ஒன்றில் பாதியளவு ஊற்றுக. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் புளிப்புச் சாற்றுக்கு ஆகா. பெரிய வாளி ஒன்றைக் கோணிப்பையாற் சுற்றி, நடுவில் தூக்கை வையுங்கள். பனிக்கட்டியைச் சாக்கினுள் இட்டு மரக்கட்டையால் உடைத்து, மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என அடுக்கடுக்காகத் தூக்கைச் சுற்றி நிரப்புங்கள். நிரப்பிய மட்டம் தூக்கின் மூடிக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். இல்லையேல் உப்புநீர் உள்ளே புகும்.

பின்னர்த் தூக்கின் கைப்பிடியைப் பற்றி, மத்துக் கடைவது போல இடமும் வலமுமாகத் திருப்பிக் கொண்டேயிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மூடியைத் துணியால் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளுக. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் பனிக்கூழ் திரண்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார், கலவையை அகன்ற தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியாற் கிளறினாலும் போதும். ஆனால் வாளியைச் சுற்றிக் குழந்தைகள் அமரும் மகிழ்ச்சி அதில் இராது.

குழந்தைகள் கற்பது என்ன?

வேலையை வயதுக்குத் தக்கவாறு பகிர்ந்து கொடுங்கள். கத்தியும் அடுப்பும் பெரியவர் கையில் இருக்கட்டும். சிறுவர் பழத்தைக் கழுவலாம், சதையை மசிக்கலாம். சற்று வளர்ந்தவர் தராசில் நிறுக்கலாம். 25 பேருக்கு 250 கிராம் சர்க்கரையென்றால் ஒருவருக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்கிடட்டும். ஒருவருக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. இஃது எப்போதாவது உண்ணும் இனிப்பேயன்றி நாள்தோறும் உண்ணும் உணவன்று என்பதையும் அக்கணக்கே சொல்லிக் கொடுத்துவிடும். கழுவுவதும் மசிப்பதும் பெண் குழந்தைக்கு, திருப்புவது ஆண் குழந்தைக்கு என்று பிரிக்காதீர்கள். எல்லா வேலையையும் எல்லாரும் செய்யட்டும்.

உப்பு எதற்கு என்று குழந்தை கட்டாயம் கேட்கும். விடை இதுதான். பனிக்கட்டி உருகுவதற்கு வெப்பம் தேவை. உப்பைச் சேர்த்தால் அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழும் உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அருகிலிருக்கும் தூக்கிலிருந்து இழுத்துக் கொள்கிறது. அதனால் உள்ளிருக்கும் சாறு உறைகிறது. உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவை மிகக் கூடினால் பூஜ்யத்திற்குக் கீழ் 21 டிகிரி வரை குளிரக்கூடும். பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானியை ஆசிரியர் கொண்டுவந்தால் குழந்தைகளே இறக்கத்தைக் கண்டறிவர். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்குப் பயன்படாது. இக்கலவையை வெறுங்கையால் அள்ளக் கூடாது; குளிரே தோலைப் புண்ணாக்கிவிடும். கரண்டியைப் பயன்படுத்துக.

சாறு கல்லாக இறுகாமல் கூழாக நிற்பதற்குச் சர்க்கரை காரணம். வெளியே உப்பு செய்யும் வேலையைத்தான் உள்ளே சர்க்கரை சற்றே செய்கிறது. நீர் முழுவதும் உறைந்துவிடாமல் தடுக்கிறது. கிளறுவதால் பனித்துகள் பெரிதாக வளராமல் நுண்ணியதாகிறது. ஒரு கிண்ணத்தில் சர்க்கரை சேராத நீரையும் உறைய வைத்து ஒப்பிட்டுக் காட்டினால் இதனைக் குழந்தை ஒருபோதும் மறவாது.

குளிர் தூய்மை செய்யாது

பெரியோர்களே! நான் சொல்ல வந்ததில் தலையாயது இதுதான். உறைய வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இது தவறு. குடற்காய்ச்சல் கிருமியும், மஞ்சட்காமாலையை உண்டாக்கும் நச்சுயிரும் பனிக்கட்டிக்குள் உயிரோடிருக்க வல்லவை. உருகியதும் குழந்தையின் வயிற்றிலே தம் வேலையைத் தொடங்கும். நெருப்பு கிருமியைக் கொல்லும். குளிர் அதனை உறங்க வைக்கும். தூய நீரில் செய்த பனிக்கூழே தூயது.

ஆகவேதான் உள்ளே சேரும் நீர் கொதித்து ஆறியதாக இருத்தல் வேண்டும் என்றேன். கையைச் சோப்பிட்டுக் கழுவுவதே முதல் வேலை. கடையில் வாங்கிய பனிக்கட்டி வாளியில் மட்டும் இருக்க வேண்டும்; ஒரு துண்டும் தூக்கினுள் விழலாகாது, வாயில் இடவும் கூடாது. மீனைப் பதப்படுத்தச் செய்யும் பனிக்கட்டி உண்பதற்கு உரியதன்று. அத்தகையதை அடையாளங் காண்பதற்காக அதில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்னும் நெறி 2018-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. எனினும் நிறமில்லை என்பதனாலேயே ஒரு கட்டி தூயதாகிவிடாது. உருகிய பனிக்கூழை மீண்டும் உறைய வைக்காமல் அன்றே உண்டு முடித்துவிடுக.

வாளியில் எஞ்சும் உப்புநீரைப் பற்றி உழவர்களுக்கு ஒரு சொல். அதனை மரத்தடியிலோ, வயல் வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மண்ணை உவராக்கும் பொருளை நாமே ஊற்றலாமா? அகன்ற தட்டில் வெயிலில் வையுங்கள். நீர் ஆவியாகி உப்பு மீளும். தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களில் நடப்பதைக் குழந்தைகள் வீட்டு முற்றத்திலேயே காண்பார்கள். அவ்வுப்பை அடுத்த முறை குளிர்விப்பதற்கு வைத்துக் கொள்க; சமையலுக்கு ஆகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மற்றொன்று மே 1. முன்னதில் நீரைப் பற்றிப் பேசுங்கள். மேல்நிலைத் தொட்டி என்று கழுவப்பட்டது, குளோரின் முறையாகச் சேர்க்கப்படுகிறதா, கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரின் எஞ்சி நிற்கிறதா என்று கேளுங்கள். சிறு சோதனைக் கருவியால் இதனைச் சில நிமிடங்களில் அறியலாம். ஊரில் விற்கும் குச்சி ஐஸ் எங்கே செய்யப்படுகிறது என்றும் விசாரியுங்கள். விற்பவர் ஏழைத் தொழிலாளி. அவரை விரட்டுவது நம் நோக்கமன்று. தூய நீரில், பழச்சாற்றில் செய்து விற்க அவருக்கும் வழிகாட்டுங்கள்.

மே 1 அன்று மாம்பழக் காலம். கூட்டம் முடிந்ததும் பள்ளி முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டி, தோப்புடையவர் ஒருவர் பழம் தர, மகளிர் குழுவினர் உடனிருக்கப் பனிக்கூழ் செய்யுங்கள். ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்டுக் கொள்கிறேன். ஊரின் எல்லாத் தெருக் குழந்தைகளும் அங்கே இருக்க வேண்டும். ஒரே தூக்கை எல்லாக் கைகளும் திருப்ப வேண்டும். ஒரே வரிசையில் அமர்ந்து, அதே தூக்கிலிருந்து எல்லாரும் உண்ண வேண்டும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. ஆனால் சட்டம் எழுதியதைக் குழந்தையின் பழக்கமாக்குவது பெரியவர்களாகிய நம் பொறுப்பு. 'அவன் தொட்ட பாத்திரம்' என்று ஒரு வாய் அங்கே முணுமுணுக்குமாயின், எத்தனை சர்க்கரை இட்டாலும் அந்தப் பனிக்கூழ் கசந்துவிடும்.

இதற்கு ஆகும் செலவு சிறிது. கிடைக்கும் பயன் பெரிது. கொதித்த நீர் எது, கொதியாத நீர் எது என்று கேட்கத் தெரிந்த குழந்தை, நாளை தன் வீட்டிலும் அக்கேள்வியைக் கேட்கும். பின்னர் இம்மன்றத்தில் உறுப்பினராக வந்து அமரும்போதும் கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் நிலையில் நம் ஊர்த் தொட்டியையும் குழாயையும் இன்றே வைத்திருப்போமாக.