தாய்மொழிப் பள்ளியிற் சுழன்ற காற்றாலை

(சொற்பொழிவின் எழுத்துருவம்)



எரிபொருளுக்குப் பிறர் கையை எதிர்நோக்கும் நாடு, எத்துணைச் செல்வமுடையதாயினும், உலையைத் தன் வீட்டிலும் அடுப்பை அயலான் வீட்டிலும் வைத்த நாடேயாகும். அரிசி தன்னுடையது; அதை வேகவைக்கும் உரிமை மற்றவனுடையது. இவ்வுண்மையைப் பட்டுணர்ந்த சிறு நாடு ஒன்று உண்டு. 1620இல் தரங்கம்பாடியிற் கோட்டை எழுப்பினார்களே தேனியர், அவர்தம் நாடாகிய தென்மார்க்கே அது. அங்கே மலையில்லை, பேராறு இல்லை, சொல்லத்தக்க நிலக்கரியும் இல்லை. இருந்தவை கடற்காற்றும் தாய்மொழியும்.

காற்றையும் மொழியையும் ஒரே மூச்சிற் சொல்வது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், வரலாறு அவ்விரண்டையும் ஒரே பள்ளியிற் பிணைத்து வைத்திருக்கிறது.

அந்நாட்டில் உயர்கல்வி என்றால் இலத்தீன் கல்வி என்றிருந்த காலம் உண்டு. உழவன் மகனுக்கு அதன் கதவு திறவாது. (பிறமொழியே அறிவு என்னும் மயக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரிய நோயன்று.) பாவலரும் சமயச் சான்றோருமாகிய கிரண்டுவிக் (1783-1872) இதனை எதிர்த்தெழுந்து, உழவர் மக்கள் தம் தாய்மொழியிலேயே கற்கும் மக்கட் பள்ளிகள் வேண்டுமென்றார். அவ்வகையில் முதற் பள்ளி 1844இல், செருமானிய மொழி நெருக்கிக்கொண்டிருந்த எல்லைப்புறத்து உரோடிங்கு என்னும் ஊரில் தோன்றியது. 1864ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் பகைவர் கைப்பட்டது. ஆயினும் உள்ளம் தளராது, மறு ஆண்டே புதிய எல்லைக்கு இப்பால் ஆசுகோவ் என்னும் சிற்றூரில் அப்பள்ளியை மீண்டும் தொடங்கினர்.

அப்பள்ளிக்கு 1878இல் ஆசிரியராக வந்தவர் பவுல் இலாகூர் (1846-1908). வானிலை ஆய்வில் தேர்ந்தவர். மின்விளக்கு நகரத்தார்க்கே வாய்த்த அந்நாளில், சிற்றூரானுக்கும் அது வேண்டும் என்பது அவர் வேட்கை. 1891இல் அரசின் பொருளுதவியோடு ஆய்வுக் காற்றாலை ஒன்றை எழுப்பி மின்னாக்கினார்.

காற்று ஓய்ந்தால் என் செய்வது? இன்றும் எழுப்பப்படும் இவ்வினாவுக்கு அவர் அன்றே விடை தேடினார். காற்றாலை மின்னால் நீரைப் பகுத்து, நீரகம், உயிரகம் என்னும் இரு வளிகளையும் பிரித்துத் தேக்கிவைத்து, வேண்டும்போது நீரகத்தை எரித்து விளக்கேற்றினார். 1895 முதல் ஏழாண்டுகள் அப்பள்ளி அவ்வொளியிற் பயின்றது. நீரகத்துள் சிறிது உயிரகம் கலந்துவிட்டபோது அது வெடித்துப் பள்ளிப் பலகணிகளின் கண்ணாடிகள் நொறுங்கியதும் உண்டு. ஒரு முறையன்று, பல முறை. கண்ணாடியை மாற்றினார்களேயன்றி ஆசிரியரை மாற்றவில்லை! சிறகுகள் பலவாய் மெல்லச் சுழல்வதினும், சிலவாய் விரைந்து சுழல்வதே மின்னாக்கத்திற்கு ஏற்றது என்பதையும் அவரே ஆய்ந்து நிறுவினார்.

1904இலிருந்து சிற்றூர் இளைஞர்க்கு அவர் மின்தொழில் பயிற்றினார். பாடம் முழுதும் தேனிய மொழியில். முதல் உலகப் போரில் அயல்நாட்டு எரிபொருள் வரவு சுருங்கியபோது அப்பயிற்சி கைகொடுத்தது. 1918 அளவில் ஏறத்தாழ 120 ஊரக மின்நிலையங்கள் காற்றாலை கொண்டிருந்தன.

பிறகு வந்தது மறதி. அயல்நாட்டு நிலக்கரியும், அதன்பின் கல்லெண்ணெயும் மலிந்தன. இலாகூரிடம் பயின்ற யோகன்னசு யூல் என்பார் 1957இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட்டு ஆற்றலும் மூன்று சிறகும் உடைய ஆலையை நிறுவினார். அது பத்தாண்டு நன்றாகவே சுழன்றது. எண்ணெய் மலிவு என்று கூறி 1967இல் அதை நிறுத்திவிட்டனர்.

ஆறே ஆண்டு! 1973இல் அரபு நாடுகள் கல்லெண்ணெய் வழங்கலைச் சுருக்கின. சில திங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. தென்மார்க்கின் ஆற்றல் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அப்போது எண்ணெயைச் சார்ந்திருந்தது; அவ்வெண்ணெயோ பெரிதும் அயல்நாட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உந்துகள் ஓடக்கூடாது என அரசு தடை விதித்தது. செல்வ நாட்டின் நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின.

அந்நிலையில் கைகொடுத்தவர் பெருமுதலாளரல்லர். மரத்தச்சர் ஒருவர் யூலின் அமைப்பைப் பின்பற்றித் தம் கையால் சிறு காற்றாலை செய்து மின்னாக்கினார். திவிண்டு என்னுமிடத்துப் பள்ளி ஆசிரியர்களும் தொண்டர்களும் கூடி 1978இல் பேராலை ஒன்றை எழுப்பி முடித்தனர். 1985இல் அணுமின் நிலையத் திட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் கைவிட்டது. இன்று அந்நாட்டு மின்னாக்கத்திற் பாதிக்கு மேல் காற்றினின்று வருகிறது. அவர்களும் குறையற்றவரல்லர், வடகடலில் எண்ணெயெடுத்து விற்றவரே. ஆயினும் 2050க்குள் அதனை முற்றும் நிறுத்துவதென 2020இல் முடிவு செய்தனர். பல கோடி ஆண்டுகளாய் மண்ணடியிற் புதைந்து விளைந்ததைச் சில தலைமுறைகளில் எரித்துத் தீர்ப்பதும், அக்கரிவளியால் உலகே வெம்மையுறுவதும் அறிந்த பின் எடுத்த முடிவு அது.

தமிழகத்தின் பக்கம் வருவோர்க்கு இரு காட்சிகள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் பல பெயர்ந்தன. 2023 சூலைத் திங்களில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரிப் பொறிகள் இறங்கின. பயிரைப் பிள்ளையெனக் கருதும் உழவர் வரப்பில் நின்று கதறினர். மறுபுறம், 1986இல் தூத்துக்குடிக்கு அருகே காற்றாலைகள் தோன்றின. பின்னர்த் தேனிய அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அம்மியையும் பெயர்க்கும் ஆடிக் காற்று இன்று ஆயிரக்கணக்கான சிறகுகளைச் சுழற்றுகிறது. காற்று தமிழ்நாட்டது, நிலம் தமிழ்நாட்டது. அப்பொறியின் அறிவு எம்மொழியில் இருக்கிறது?

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழிற் பொறியியல் தொடங்கியபோது திறந்த பிரிவுகள் இரண்டு: கட்டடவியல், எந்திரவியல். மின்னியல் அவற்றுள் இல்லை. ஆசுகோவிற் சிற்றூர் இளைஞன் தன் தாய்மொழியில் மின்தொழில் கற்றது 1904இல்.